நிலவைப் பார்க்க எங்கே நிற்பது? ஹாங்சோ மேற்கு ஏரி: ஒரு நிகழ்வு ஆய்வு

சீனாவின் ஒரு யுவான் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் தண்ணீருக்குள் நிற்கும் ஒரு சிறிய கல்விளக்குத் தூண் தெரியும். ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரியில் அந்தத் தூண் இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து, கையை நீட்டி, நோட்டில் உள்ள தூணையும் தண்ணீரில் உள்ள தூணையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து படம் பிடிக்கிறார்கள். கை இரண்டு அங்குலம் விலகினால் படம் பொருந்தாது. எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் வருவதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம்.

2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது ஹாங்சோவின் பெயர் நம் செய்தித்தாள்களில் தினமும் அடிபட்டது. ஆனால் சீனர்களுக்கு அந்த ஊர் முதலில் ஏரி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பழைய சீனத் தோட்ட நிலக்காட்சிகளைச் சுற்றுலா என்ன செய்தது என்று கேட்டால், அழகாக இருந்த இடத்தைக் கூட்டம் வந்து கெடுத்துவிட்டது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். மேற்கு ஏரிக்கு அந்தப் பதில் பொருந்தவில்லை. இங்கே கூட்டம் பார்க்க வரும் பொருளில் பெரும்பகுதியை, முன்னால் பார்க்க வந்தவர்கள்தான் செய்து வைத்தார்கள். சில இடங்களில் இடித்துத் தள்ளியவர்களும் அவர்களே. இந்த ஆய்வு ஏரியின் முழு வரலாற்றையும் சொல்லப்போவதில்லை. பார்ப்பவர் நிற்கும் இடம் எப்படி இறுகிப்போனது என்பதை மட்டும் தொடர்ந்து போகிறது.

ஐந்து காரணங்கள், அழகு அதில் இல்லை

ஏரி என்னவோ சாதாரணமானதுதான். ஒரு காலத்தில் சியாந்தாங் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய உப்பங்கழி அது. மண் மேடிட்டுக் கடலிலிருந்து பிரிந்து நன்னீர் ஏரியானது. பரப்பு சுமார் 6.4 சதுர கிலோமீட்டர், சராசரி ஆழம் இரண்டரை மீட்டர்கூட இல்லை. மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் ஊர். இவ்வளவு ஆழம் குறைந்த ஏரியைச் சும்மா விட்டால் சில தலைமுறைகளில் சதுப்பாகும், பிறகு வயலாகும். அது ஏரியாகவே இருப்பதற்கு யாராவது தொடர்ந்து மெனக்கெட வேண்டும்.

822 முதல் 824 வரை இங்கே ஆளுநராக இருந்த கவிஞர் பாய் ஜூயி கரையை உயர்த்தி நீரைத் தேக்கியது பாசனத்துக்காக. இன்று அவர் பெயரால் வழங்கும் பாய் கரை அவர் கட்டியதல்ல. அவர் வருவதற்கு முன்பே இருந்த ஒரு கரைக்கு, ஊர் மக்கள் நன்றிக்கடனாக அவர் பெயரை ஏற்றிவிட்டார்கள். இந்த ஏரியில் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே இப்படித்தான்.

1089இல் இன்னொரு கவிஞரான சு ஷி ஆளுநராக வந்து சேர்ந்தபோது ஏரியில் பாதியை நீர்ப்புல் அடைத்திருந்தது. மறு வருடம் அவர் அரசவைக்கு எழுதிய விண்ணப்பம் நமக்குக் கிடைக்கிறது. ஹாங்சோவுக்கு மேற்கு ஏரி, மனித முகத்துக்குக் கண்ணும் புருவமும் போல என்று அதில் ஒரு வரி வரும். இன்றைக்கு வழிகாட்டிகள் எல்லோரும் சொல்லும் வரி அது. ஆனால் தூர்வாரப் பணம் கேட்க அவர் அடுக்கிய காரணங்கள் ஐந்தும் வேறு: பேரரசர் நலம் வேண்டி மீன்களை உயிரோடு விடும் இடம் போய்விடும், நகரக் கிணறுகளுக்கு நன்னீர் இருக்காது, வயல் காயும், கால்வாயில் படகு ஓடாது, மது வடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் வரி குறையும். ஏரி பார்க்க நன்றாக இருக்கிறது என்ற காரணம் பட்டியலில் இல்லை. கருவூலத்தில் அது எடுபடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

துறவியாக அனுமதிக்கும் அரசுச் சான்றிதழ்களை விற்று வந்த பணத்தில் வேலை நடந்தது. அள்ளிய சேற்றையும் புல்லையும் எங்கே கொட்டுவது? ஏரியின் குறுக்கே தெற்கிலிருந்து வடக்காகக் கொட்டி, ஆறு பாலங்கள் வைத்து, இரு மருங்கிலும் வில்லோ மரமும் செம்பருத்தி இனத்துப் பூமரமும் நட்டார்கள். 2.8 கிலோமீட்டர் நீளமுள்ள சு கரை அப்படி உருவானது. கழிவைக் கொட்டிய மேடு உலகின் பெயர்பெற்ற நடைபாதைகளில் ஒன்றானது. நீர்ப்பயிர் வைக்கக் கூடாத எல்லையைக் காட்ட மூன்று சிறு கல்கோபுரங்களையும் அவர் நிறுத்தினார். எல்லைக்கல்தான், அலங்காரமல்ல. அந்த எல்லைக்கல்லின் வாரிசுதான் இன்றைக்கு ஒரு யுவான் நோட்டில் இருக்கிறது. இப்போது தண்ணீரில் நிற்பவை 1621இல் வைக்கப்பட்டவை.

பத்துப் பெயர்கள்

1138இல் தெற்குச் சோங் அரசு ஹாங்சோவைத் தலைநகரமாக்கியது. அரண்மனை, அதிகாரிகள், தேர்வெழுத வந்த மாணவர்கள், வணிகர்கள், ஓவியர்கள் எல்லோரும் ஏரிக்கரைக்கு வந்தார்கள். காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய அதே மார்கோ போலோ இந்த ஏரியின் உல்லாசப் படகுகளைப் பற்றியும் வியந்து எழுதினார். அவர் வருவதற்குள் அந்த அரசு வீழ்ந்துவிட்டது, படகுகள் நிற்கவில்லை.

இந்தக் காலத்தில் பிறந்ததுதான் ‘மேற்கு ஏரியின் பத்துக் காட்சிகள்’ என்ற பட்டியல். ஓவியர்கள் வரைந்த காட்சிகளுக்கு நான்கெழுத்துத் தலைப்பு வைத்தார்கள், தலைப்புகள் நிலைத்துவிட்டன. சு கரையில் வசந்த விடியல். ஒடிந்த பாலத்தில் எஞ்சிய பனி. அமைதி ஏரிமேல் இலையுதிர்கால நிலா. லெய்ஃபெங் கோபுரத்தில் அந்தி வெயில். நான்பிங் மலையில் மாலை மணி. மதுச்சாலை முற்றத்தில் தாமரைக் காற்று. பூந்துறையில் மீன் பார்த்தல். வில்லோ அலைகளில் குயிலோசை. மேகம் துளைக்கும் இரு சிகரங்கள். மூன்று சுழிகளில் நிலவு.

கொஞ்சம் நிதானித்துப் படித்தால் ஒன்று தெரியும். இவற்றில் பெரும்பாலானவை இடத்தின் பெயர்களே அல்ல. விடியல், அந்தி, பனி உருகி மிச்சமிருக்கும் ஒரு காலை, மணியோசை கேட்கும் பொழுது. நம் பழைய திணைக் கணக்கில் சொன்னால் இவை முதற்பொருளில் நிலத்தைவிடப் பொழுதைச் சேர்ந்தவை. அப்படிப்பட்ட காட்சிக்குப் போக ஒரு வழி கிடையாது, வாய்க்கக் காத்திருக்க வேண்டும். இலையுதிர்கால நிலாவை அன்றைய கவிஞர்கள் பார்த்தது படகில் மிதந்துகொண்டு. நிலா எங்கே நன்றாக விழுகிறதோ அங்கே துடுப்பை நிறுத்தினார்கள்.

யாத்திரைக் கூட்டமும் நிலாக் கூட்டமும்

இடையில் மங்கோலியர் ஆட்சியில் ஏரி கவனிப்பாரற்றுப் போனது. செல்வந்தர்கள் ஏரிக்குள் வரப்புப் போட்டு வயலாக்கினார்கள். 1508இல் ஆளுநர் யாங் மெங்யிங் 3,481 மூ (மூ என்பது சீன நில அளவு) ஆக்கிரமிப்பு வயல்களை அகற்றித் தூர்வாரினார். வயலை இழந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர் பதவியில் இறக்கப்பட்டார், ஏரி பிழைத்தது. இது எங்கே நடந்திருந்தாலும் இப்படித்தான் முடிந்திருக்கும்.

மங்கோலியருக்குப் பின் வந்த மிங் வம்சத்தின் (1368–1644) கடைசியில் வந்த கூட்டம் பெரும்பாலும் யாத்திரைக் கூட்டம். லிங்யின் கோயிலுக்கும் தியான்ஜு கோயில்களுக்கும் ஊதுபத்தி ஏற்ற வந்த கிராமத்தார். (தியான்ஜு என்பது இந்தியாவுக்குச் சீனர்கள் வைத்த பழம்பெயர். லிங்யின் கோயிலை நிறுவியவரே 4ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு துறவி என்பது கோயில் மரபு. எதிரிலுள்ள குன்று இந்தியாவிலிருந்து பறந்து வந்தது என்றும் சொல்வார்கள்.) சுற்று வட்டாரம் முழுக்கப் பட்டுப்புழு வளர்ப்பு. புழு வேலை தொடங்கும் முன் வசந்தத்தில் பௌத்தக் கருணைத் தெய்வம் குவான்யினை வேண்டிக்கொள்ள பெண்கள் படகு படகாக வந்தார்கள். ஷான்டோங்கிலிருந்து கடல் தாண்டிப் புதுவோ தீவுக்குப் போகிறவர்களும் இந்த வழியே வந்தார்கள். சாவ்சிங் கோயிலைச் சுற்றி மாதக்கணக்கில் சந்தை நடக்கும். கத்தரிக்கோல், விசிறி, பொம்மை, ஊதுபத்தி என்று எல்லாம் விற்கும். இந்த ஊதுபத்திச் சந்தையை விரிவாக எழுதிவைத்தவர் ஜாங் தாய், ஷாவ்ஷிங் ஊர்க்காரர்.

ஏழாம் மாத நடுவில் நிலாப் பார்க்க ஏரிக்கு வரும் கூட்டத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை இன்றும் புதுசாக இருக்கிறது. அந்த இரவில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, நிலாப் பார்க்க வந்தவர்களைத்தான் பார்க்கலாம் என்று தொடங்கி, அவர்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். நிலாவைப் பார்ப்பதுபோல் தங்களைப் பிறர் பார்க்க வைப்பவர்கள் அதில் ஒரு வகை. செல்ஃபி என்ற சொல் வருவதற்கு முன்னூறு வருடங்களுக்கும் மேல் முந்தைய வரி.

அதே கட்டுரையில் ஒரு நடைமுறை விவரமும் இருக்கிறது. ஏரி நகரச் சுவருக்கு வெளியே. இரவில் வாயில்கள் மூடும். எனவே ஹாங்சோக்காரர்கள் காலையில் போய், நிலா எழும் முன்னே வீடு திரும்புவார்கள், நிலா என்னவோ பகையாளி மாதிரி. இந்த ஓர் இரவு மட்டும் வாயில் காவலர்களுக்குக் குடிக்கக் காசு கொடுத்துவிட்டுத் தங்குவார்கள். ஏரி எப்போது தெரியும் என்பதைக்கூட ஒரு மதில்தான் தீர்மானித்தது. மதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

1699: நிலா கரை ஏறுகிறது

என் கணக்கில் இந்த ஏரியின் வரலாற்றில் சுற்றுலா சம்பந்தப்பட்ட ஒரே பெரிய நிகழ்ச்சி 1699இல் நடந்தது. அன்றைய சுற்றுலாப் பயணி பேரரசர் காங்ஷி.

தென்னாட்டுப் பயணமாக ஹாங்சோ வந்த காங்ஷி பத்துக் காட்சிகளின் பெயர்களையும் தன் கையால் எழுதிக் கொடுத்தார். பேரரசரின் கையெழுத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைக்க முடியாது. கல்லில் வெட்ட வேண்டும், கல்லை எங்காவது நட வேண்டும், நட்ட கல்லுக்கு மேலே மண்டபம் கட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. ஏரி நடுவில் மிதந்துகொண்டு பார்த்த நிலாவுக்குக் கல்லை எங்கே நடுவது? பாய் கரையின் மேற்கு முனையில், தனிமலை அடிவாரத்தில், தண்ணீரை ஒட்டி ஒரு தளம் போட்டு அங்கே நட்டார்கள். அன்றிலிருந்து ‘அமைதி ஏரிமேல் இலையுதிர்கால நிலா’ ஒரு முகவரி. பகலிலும் போகலாம், மழையிலும் போகலாம். நிலா இல்லாவிட்டாலும் பார்த்தாகிவிட்டது.

தாமரைக் காட்சியின் கதை இன்னும் சுவை. சோங் காலத்தில் அங்கே அரசாங்க மதுச்சாலை இருந்தது. காய்ச்சும் ஈஸ்ட்டின் மணமும் பக்கத்துத் தாமரையின் மணமும் காற்றில் கலந்து வந்ததால்தான் அந்தப் பெயர். காங்ஷி காலத்தில் மதுச்சாலை எப்போதோ அழிந்திருந்தது. அவர் எழுதும்போது ஈஸ்ட்டைக் குறிக்கும் எழுத்தை விட்டுவிட்டு, அதே ஒலியுள்ள ‘வளைவு’ என்னும் எழுத்தைப் போட்டார், ‘தாமரைக் காற்று’ ‘காற்றில் தாமரை’ ஆனது. கல் சு கரையின் வடமுனைப் பக்கம் புது இடத்தில் நின்றது. மதுச்சாலை வளைந்த முற்றமானது, கள் மணம் போய்விட்டது, தாமரையும் இடம் மாறியது. ஒரு பேனா செய்த நிலக்காட்சி மாற்றம் இது. மண்வெட்டிகள் அதற்குப் பிறகு வந்தன.

எல்லாம் அவர் எழுதியபடி நடந்துவிடவும் இல்லை. மாலை மணியை விடியல் மணி என்று மாற்றினார், அந்தி வெயிலை மேற்கு வெயில் என்று மாற்றினார். ஊர் அதைக் கேட்டுக்கொண்டு பழைய பெயரையே சொல்லி வந்தது. கல்லில் ஒன்று, வாயில் ஒன்று. வாய்தான் வென்றது.

பேரன் சியான்லாங் 1751க்கும் 1784க்கும் இடையில் ஆறு முறை வந்தார். காட்சிக்கு ஒரு கவிதை எழுதி, தாத்தாவின் கற்களுக்குப் பின்புறம் வெட்டச் செய்தார். அதோடு நிற்கவில்லை. பெய்ஜிங்கில் கோடை அரண்மனை ஏரியை மேற்கு ஏரியின் சாயலில் விரித்து, ஆறு பாலங்களோடு ஒரு மேற்குக் கரையும் போட்டார். பழைய கோடை அரண்மனையான யுவான்மிங்யுவானில் பத்துக் காட்சிகளும் அதே பெயர்களில் இடம்பெற்றன. ஊருக்குத் திரும்பும்போது வாங்கிப்போகும் நினைவுப் பொருள், பேரரசருக்கு ஒரு ஏரி. தோக்கியோவின் கொய்ஷிகாவா கொராக்குவென் தோட்டத்தில்கூட ஒரு ‘மேற்கு ஏரிக் கரை’ உண்டு. இப்படி நகலெடுக்க முடிந்ததற்குக் காரணம் பட்டியல்தான். ஏரியை எடுத்துப்போக முடியாது, பத்துப் பெயர்களை எடுத்துப்போகலாம்.

மதில் விழுகிறது

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த தைப்பிங் உள்நாட்டுக் கலகத்தில் ஹாங்சோ பெரும் அழிவைக் கண்டது. அதைக் கடந்து நேராக 1909க்கு வருவோம். அந்த வருடம் ஷாங்காய்–ஹாங்சோ ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து, காங்ஷியின் வம்சமான மஞ்சு ஆட்சி விழுந்தது. ஏரிக்கும் ஊருக்கும் நடுவில் மதிலோடு மதிலாக மஞ்சுப் படைமுகாம் ஒன்று ஊருக்குள் ஊராக உட்கார்ந்திருந்தது. புதிய அரசு முகாமையும் ஏரிப்பக்க மதிலையும் இடித்துச் சாலை போட்டு, மனை பிரித்து விற்றது. அந்தப் பகுதிக்குப் பெயர் ‘புதுச் சந்தை’. ஹோட்டல்கள், உணவகங்கள், போட்டோ ஸ்டூடியோக்கள், ஏரியை ஒட்டிப் பூங்கா.

விளைவு எளிமையானது, ஆனால் பெரியது. அதுவரை ஏரிக்குப் போவது என்றால் ஊரை விட்டு வெளியே போவது. இப்போது ஊரே திரும்பி ஏரியைப் பார்த்து உட்கார்ந்தது. வாயில் காவலருக்குக் காசு தர வேண்டியதில்லை, எந்த இரவும் நிலா உண்டு. வந்தவர்களும் மாறினார்கள். வசந்தத்தில் மாதக்கணக்கில் நடந்த யாத்திரை, வார இறுதியில் ஷாங்காயிலிருந்து வரும் குடும்பப் பயணமாகச் சுருங்கியது. சீனர்களே நடத்திய முதல் பயண நிறுவனம் 1923இல் ஷாங்காயில் ஒரு வங்கியின் துறையாகத் தொடங்கி, விரைவிலேயே ஹாங்சோவுக்குத் தனி ரயில் விட்டது. 1921இல் ஒடிந்த பாலம் புதுப்பிக்கப்பட்டது. இன்று பனிக்காலத்தில் லட்சம் கேமராக்கள் குறிவைக்கும் ‘பழமையான’ பாலம் அந்த 1921ஆம் வருடத்துப் பாலம்தான். 1929 ஜூன் 6ஆம் தேதி மேற்கு ஏரிக் கண்காட்சி திறந்தபோது ஏரிக்கரையே அரங்கமானது.

ஒரு கோபுரத்தைச் செங்கல் செங்கலாக

லெய்ஃபெங் கோபுரத்துக்குத் தனியாக இடம் ஒதுக்கியே ஆக வேண்டும். 10ஆம் நூற்றாண்டில், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட ஊயுவே நாட்டின் அரசர் கட்டியது. மிங் காலக் கடற்கொள்ளைத் தாக்குதலில் மரக் கூரைகள் எரிந்து, உள்ளிருந்த செங்கல் தண்டு மட்டும் நின்றது. அந்தி வெயிலில் சிவப்பாகப் பற்றி எரிவதுபோல் தெரிந்தது அந்தச் சிதைந்த தண்டுதான். வெள்ளைப் பாம்பாகிய பெண்ணை அதன் அடியில் புதைத்த கதை ஊரெங்கும் தெரியும். அதனால் வந்தவர்கள் சும்மா போகவில்லை. செங்கல்லை வீட்டில் வைத்தால் கேடு அணுகாது என்று ஒவ்வொருவரும் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சில செங்கல்லுக்குள் துளையிட்டு அச்சிட்ட பௌத்த மந்திரச் சுருள் வைத்திருந்ததும் தெரிய வந்தது.

1924 செப்டம்பர் 25 பிற்பகலில் கோபுரம் சரிந்தது. சுருள்களைத் தேடி மக்கள் இடிபாட்டுக்கு ஓடினார்கள். எழுத்தாளர் லூ சுன் இரண்டு கட்டுரை எழுதினார். முதலாவதில் பாம்புப் பெண் விடுதலையானாள் என்று மகிழ்ந்தார். இரண்டாவதில் பத்துக் காட்சிகளில் ஒன்று குறைந்துவிட்டதே என்று அங்கலாய்த்தவர்களைக் கேலி செய்தார், எதையும் பத்தாக நிரப்பாமல் இருக்க முடியாத நோய் என்றார்.

நோய் தீரவில்லை. எழுபத்தெட்டு வருடம் கோபுரமில்லாமல் அந்தி வெயில் மட்டும் வந்து போனது. 2001இல் அடித்தளத்தைத் தோண்டி நிலவறைப் பேழையை எடுத்தார்கள். 2002 அக்டோபரில் புதுக் கோபுரம் திறந்தது: எஃகுச் சட்டகம், செம்புக் கூரை, மேலே போக லிஃப்ட், படிக்கட்டுக்குப் பதில் எஸ்கலேட்டர். பழைய செங்கல் குவியல் கீழ்த்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கிறது. எஸ்கலேட்டரைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. திரும்பக் கட்டப்பட்டது பத்தாம் நூற்றாண்டுக் கோபுரமும் அல்ல, மக்கள் முந்நூறு வருடம் பார்த்த சிவப்புத் தண்டும் அல்ல. பட்டியலில் விடுபட்ட வரிதான் திரும்பக் கட்டப்பட்டது. இப்போது பெரும்பாலோர் அதன்மேல் ஏறி ஏரியைப் பார்க்கிறார்கள். பார்க்கப்பட்ட பொருள் பார்க்கும் மேடையாகிவிட்டது.

மாற்று விளக்கமும் அதன் எல்லையும்

இதையெல்லாம் சுற்றுலாவின் கணக்கில் எழுதுவது சரியா என்று கேட்கலாம். ஏரியைக் காப்பாற்றியது தூர்வாரியவர்கள்தானே? உண்மை. 1950களில் நடந்த பெரும் தூர்வாரலும், 1986 முதல் சியாந்தாங் ஆற்று நீரை உள்ளே விடும் ஏற்பாடும் இல்லாமல் இன்றைய ஏரி இல்லை. ஆனால் சு ஷியின் ஐந்து காரணங்களில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. ஊருக்குக் குடிநீர் வேறெங்கிருந்தோ வருகிறது, வயல் இல்லை, மதுவரி இல்லை. அழகு என்ற, அவர் எழுதாமல் விட்ட ஆறாவது காரணத்துக்காக மட்டுமே இப்போது பம்பு ஓடுகிறது.

பணக் கணக்கும் அப்படியே திரும்பியது. 2002இல் ஏரிக்கரைப் பூங்காக்களுக்கு நுழைவுச்சீட்டை எடுத்துவிட்டார்கள். படகுக்கும் கோபுரத்துக்கும் கட்டணம் உண்டு, கரையில் நடக்க இல்லை. சீட்டுக் காசு போனாலும் தங்குபவர், சாப்பிடுபவர் வழியாக ஊருக்கு வருமானம் வரும் என்ற கணக்கு பலித்தது. மறு வருடம் மேற்குப் பக்கம் மேடிட்டுக் கிடந்த நிலத்தைத் தோண்டி ஏரியைப் பெரிதாக்கினார்கள். வயலுக்காக ஏரியைத் தின்ற ஊர், வருகையாளருக்காக நிலத்தை ஏரிக்குத் திருப்பிக் கொடுத்தது. அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் இடம் பெயர வேண்டியிருந்தது. சுற்றுலாவின் விலை யார் தலையில் விழுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டத்தை விட்டுவிட்டு அங்கே பார்க்க வேண்டும்.

பட்டியல் போடும் பழக்கமும் வளர்ந்தது. 1985இல் பொதுமக்கள் பங்கெடுப்போடு ‘புதிய பத்து’, 2007இல் மூன்றாவது பத்து. 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏரி சேர்ந்தபோது, பத்துக் காட்சிகளும் அந்தத் தகுதியின் ஒரு கூறாகவே கணக்கில் வந்தன. 2007 ஜனவரியில் கரையோரம் 67 மீட்டர் உயரத்தில் நின்ற ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சு கரையில் நிற்பவர் கண்ணில் எது பட வேண்டும், எது படக் கூடாது என்பது இப்போது ஊர் முழுவதன் கட்டட உயரத்தையும் தொடுகிற விஷயம். காங்ஷி நட்ட கல்லின் நிழல் அவ்வளவு தூரம் போகிறது.

கடைசியாக நடந்த ஒன்று. 2022 வசந்தத்தில் வடகரைச் சாலையோரம் ஏழு வில்லோ மரங்களை அகற்றிவிட்டு அந்த இடத்தில் ரோஜா வைத்தார்கள். ஏரியைச் சுற்றி ஆயிரக்கணக்கான மரங்கள் இருக்கின்றன, ஏழு யார் கண்ணில் படும்? பட்டது. படங்கள் இணையத்தில் பரவின. வில்லோ இல்லாமல் மேற்கு ஏரியா என்று ஊரும் வெளியூரும் கொதித்தன. சு ஷி நட்டதும் அதுதான், பத்துக் காட்சிகளில் ஒன்றின் பெயரிலேயே இருப்பதும் அதுதான். மே மாத நடுவுக்குள் அதிகாரிகள் மன்னிப்புக் கேட்டார்கள். ரோஜாக்களைப் பிடுங்கிவிட்டு, அதே இடங்களில் வில்லோ மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள்.